கால் அளவு

மரபு மரச்சாமான் வரைபடப் பதிவுத் துறையில் சேரப்போன அன்று நேர்முகத் தேர்வில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"தரையில உட்கார்ந்து வேலை செய்ய முடியுமா?"

நான் போர்டு எழுதுகிறவன். ஏணியில் நின்றும் சாரத்தில் தொங்கியும் எழுதிப் பழகியவன். தரையில் உட்காருவது எனக்கு ஓய்வு மாதிரி. முடியும் என்றேன். கேட்டவர் நிம்மதியாக மூச்சுவிட்டு ஒரு டிக் போட்டார். அவரும் தரையில்தான் சம்மணம் போட்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் இயக்குநரைத் தவிர எல்லாருக்கும் தரைதான். மரச்சாமானை வரைய ஒதுக்கிய நிதியில் மரச்சாமான் வாங்கக் கூடாதாம். வாங்கினால் அது புதுச் சாமான் ஆகிவிடும், துறையின் நோக்கத்துக்கே விரோதம் என்று கேள்வி கேட்டவரே எனக்கு விளக்கினார். அவர்தான் மேற்பார்வையாளர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்கேல் துருத்திக்கொண்டிருக்கும் என்பதால் ஸ்கேல் சார் என்று பெயர். அந்த ஸ்கேலால் அவர் முதுகு சொறிந்து பார்த்திருக்கிறேன். எதையும் அளந்து பார்த்ததில்லை.

என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், தச்சர். அவரும் என்னோடு வேலை கேட்டு வந்திருந்தார். அவர் தொழிலைக் கேட்டதும் ஸ்கேல் சாரின் முகம் சுருங்கிவிட்டது.

"நாற்காலி எல்லாம் செய்வீங்களா?"

"செய்வேன் சார். கட்டில், அலமாரி, எது வேணாலும் செய்வேன்."

"அதாங்க பிரச்சினை. இருக்கறத நாங்க வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள நீங்க புதுசா ஒண்ணு செஞ்சு வச்சிட்டா எங்க கணக்கு எப்ப முடியும்?"

மச்சான் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். மரச்சாமானுக்காகத் தொடங்கிய துறையில் தச்சனுக்கு இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊரில் தொழில் படுத்துப்போன காலம் அது. ஆலை மூடியது, ஆலையை நம்பியிருந்த கடைகள் மூடின, கடையை நம்பியிருந்த நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் கடைசியாக எழுதிய போர்டுகள் எல்லாம் 'வாடகைக்கு', 'விற்பனைக்கு', 'மூடப்பட்டது'. பிறகு அதற்கும் வழியில்லாமல், மூடுகிறவர்கள் சாக்கட்டியால் தாங்களே எழுதிக்கொண்டார்கள். எழுத்துப் பிழையோடு.

வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது என் மனைவியின் தையல் மட்டும்தான். முன்னறையை அடைத்துக்கொண்டு நிற்கும் அவளுடைய வெட்டு மேசை. பழைய மேசை, கனமான பலகை, கடைசல் பிடித்த நாலு கால். துணியை எட்டு மடிப்பாக அதன்மேல் பரப்பி, ஒரே வெட்டில் எட்டு உருப்படி எடுப்பாள். நான் அதில் டம்ளர் வைத்தால்கூடக் கத்துவாள். மேசை ஒரு நூல் அசைந்தாலும் எட்டாவது மடிப்பில் கழுத்து இருக்கவேண்டிய இடத்துக்குத் தோள் வந்துவிடும். அப்போது ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு மேலங்கி தைக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. ஊரில் மூடாமல் இருந்தது ஆஸ்பத்திரி ஒன்றுதான். அந்த வேலை நிலைத்தால் நாங்கள் பிழைத்துக்கொள்வோம்.

துறையின் தொடக்க நாளில் இயக்குநர் பேசினார். அதற்கு முன்னால் மீன்வளத்தில் இருந்தவர். அங்கே மீன் குறைந்துபோனதால் இங்கே வந்தார் என்று சொன்னார்கள்.

"நண்பர்களே, இந்தப் பொருளாதார மந்தம் நமக்குக் கிடைத்த அரிய வாய்ப்பு. மக்கள் செழிப்பாக இருந்தால் என்ன செய்வார்கள்? பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவார்கள். இப்போது வாங்க வழியில்லை. ஆகவே நம் மரபு பத்திரமாக இருக்கிறது. இந்த நிலை இன்னும் சில காலம் நீடிக்க வேண்டும் என்பதே என் ஆசை. ஒரே ஒரு கட்டளைதான். எதை வரைந்தாலும் கால் அளவில் வரையுங்கள்."

கைதட்டினோம். தரையில் உட்கார்ந்து கைதட்டினால் சத்தம் குறைவாகத்தான் வருகிறது.

மறுநாள் ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவர் வீட்டுக்குப் போய் அவருடைய சாய்வு நாற்காலியை வரைந்தேன். நாலில் ஒரு பங்கு அளவு. கை, முதுகு, பிரம்புப் பின்னல், ஒன்றையும் விடவில்லை. குப்புறப் படுத்துக்கொண்டு மை போட்டதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஸ்கேல் சார் தாளை வாங்கிப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"இது என்ன?"

"சாய்வு நாற்காலி சார்."

"அது தெரியுது. இயக்குநர் என்ன சொன்னார்?"

"கால் அளவுன்னு சொன்னார். அதான் நாலுல ஒண்ணா..."

"முழங்கால் அளவு தண்ணின்னா எதுவரைக்கும் தண்ணி?"

"முழங்கால் வரைக்கும் சார்."

"இடுப்பளவுன்னா?"

"இடுப்பு வரைக்கும்."

"அப்ப கால் அளவுன்னா? கால் வரைக்கும்! நீ பாட்டுக்கு முதுகெல்லாம் வரைஞ்சு வச்சிருக்க. அரசாங்கத் தாள் என்ன உன் மாமனார் வீட்டுச் சொத்தா?"

எங்களோடு வேலை செய்த டிராயிங் மாஸ்டர் ஒருவர், பள்ளிக்கூடம் மூடியதால் வந்தவர், எழுந்து நின்று, "சார், கால்னா கால் பங்கு. எதுக்கும் இயக்குநர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே" என்றார்.

"கேட்டா நமக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்குவார்" என்றார் ஸ்கேல் சார். அன்று சாயங்காலமே டிராயிங் மாஸ்டர் முக்காலிப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். ஊரில் முக்காலி குறைவு. மனிதர் நாள் முழுக்கப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் கால் மட்டுமே வரைந்தோம். கட்டில் கால், மேசைக் கால், நாற்காலிக் கால். முதல் மாத முடிவில் இயக்குநர் பார்வையிட வந்தபோது நாலு சுவரும் கால்களாக இருந்தன. அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தான் சொன்னது என்ன, இவர்கள் செய்திருப்பது என்ன என்று அவருக்குப் புரிந்த நொடி அந்த முகத்தில் வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது. புரிந்ததாகக் காட்டிக்கொண்டால், தான் பேசியது புரியும்படி இல்லை என்று ஆகிவிடுமே.

"அருமை. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்" என்றார். "கால்தான் எதற்கும் ஆதாரம். அதற்கு மேலே இருப்பதெல்லாம் ஆடம்பரம். இந்தக் கஷ்ட காலத்தில் ஆடம்பரத்தைப் பதிவு செய்வது ஏழைகளுக்குச் செய்யும் துரோகம்."

ஸ்கேல் சார் எங்களைத் திரும்பிப் பார்த்துச் சட்டைப் பையில் இருந்த ஸ்கேலை ஒருமுறை தட்டிக்கொண்டார்.

கால் இல்லாத சாமான்கள் சிக்கலைக் கிளப்பின. ஒரு கிழவரின் துணிப் பெட்டி தரையோடு உட்காரும் பெட்டி. அதற்குக் கால் எங்கே என்று கேட்டு அவரை அலுவலகத்துக்கு வரவழைத்தார்கள்.

"இந்தப் பெட்டிக்குக் கால் கிடையாதுங்க."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே கிடையாது."

"எப்பவுமே கிடையாதுன்னா, நீங்க வாங்கறதுக்கு முன்னாடியே யாரோ கழட்டியிருக்காங்க. யாருகிட்ட வாங்கினீங்க?"

கிழவர் நாலு தடவை நடந்தார். கடைசியில், பராமரிப்புக் குறைவால் கால்களை இழந்தது என்று பெட்டியைப் பற்றிப் பதிவு செய்து, இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதாக அவரிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். மனிதர் தப்பித்தோம் பிழைத்தோம் என்று போனார்.

இதற்கெல்லாம் சிரிக்க முடிந்தது. சிரிக்க முடியாத இடத்துக்கும் ஒருநாள் என்னை அனுப்பினார்கள்.

ஆலைத் தொழிலாளி ஒருவர் வீடு. உள்ளே போனால் அவர் கையில் கோடாரி. எதிரே ஒரு நாற்காலி. அடுப்பங்கரையில் அவர் மனைவி பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு அடுப்பு எரிய விறகில்லாமல் காத்திருந்தாள். கட்டில் போன வாரமே அடுப்புக்குள் போய்விட்டது. இது கடைசிச் சாமான்.

"வரையணும்னா சீக்கிரம் வரைஞ்சுடுங்க சார்" என்றார் அவர். "பிள்ளைங்க காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல."

நான் அந்த நாற்காலியின் கால்களை வரைந்தேன். அவர் கோடாரியைக் கீழே வைக்காமல் நின்றார். ஒரு கோடு கோணலாகப் போய் அழித்தபோது அவர் மனைவி, "நல்லாத்தான் இருக்கு, விடுங்க" என்றாள். நான் வாசலைத் தாண்டுவதற்குள் முதல் வெட்டு விழுந்தது. அலுவலகத்துக்கு வந்து ஸ்கேல் சாரிடம் சொன்னேன். அந்த வீட்டுக்குக் கொஞ்சம் விறகாவது அனுப்பலாமா என்று கேட்டேன்.

"நல்ல வேளை, நாம முந்திக்கிட்டோம்" என்றார் அவர். அவருக்கு உண்மையிலேயே வியர்த்திருந்தது. "இந்த மாதிரி எத்தனை போச்சோ! நீ போர்டு எழுதறவன்தானே? ஒண்ணு எழுது."

எழுதினேன். 'மரச்சாமான்களை அடுப்பில் எரிக்க விரும்புவோர் முன்கூட்டியே இத்துறைக்குத் தெரிவித்துப் பயன்பெறவும்.' அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே போர்டு வேலை அதுதான். மறுநாள் காலையில் வாசலில் வரிசை. நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கட்டில் சட்டத்தைத் தோளில் போட்டுக்கொண்டு, எரிப்பதற்கு அனுமதி வாங்க ஜனங்கள் நின்றார்கள். அப்படி ஓர் அனுமதி தேவையே இல்லை. ஆனால் போர்டு இருக்கிறது, வரிசை இருக்கிறது, நிற்காமல் இருக்க முடியுமா? அந்தப் போர்டை எழுதிய கையை அன்று எத்தனை சோப்புப் போட்டுக் கழுவினாலும் திருப்தி வரவில்லை.

பிறகுதான் மேலிடத்துக்குச் சந்தேகம் வந்தது. இத்தனை கால்களையும் இவர்கள் நேரில் பார்த்துத்தான் வரைந்தார்களா, கற்பனையில் வரைந்தார்களா? சரிபார்க்க, ஒவ்வொரு சாமானிலிருந்தும் ஒரு கால் மாதிரிக்கு அனுப்பப்பட வேண்டும் என்று உத்தரவு வந்தது. கழற்ற ஆள் வேண்டுமே. மச்சானைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பதவியின் பெயர் கால் பிரிப்பாளர். செய்யத் தெரிந்தவனை வேண்டாம் என்று விரட்டியவர்கள் பிரிப்பதற்குக் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

"என்ன மச்சான், சேர்ந்துட்டீங்களா?" என்றேன்.

"சேரலன்னா என் வீட்டுல அடுப்பு எரியாது மாப்ள" என்றார். முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

மக்களுக்கு நம்பிக்கை வர, துறை ஊழியர்களின் வீட்டிலிருந்தே தொடங்குவது என்று இயக்குநர் முடிவு செய்தார். தன் வீட்டில் இருப்பதெல்லாம் இரும்பும் கண்ணாடியும்தான், மரபு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுகூட இல்லை என்று மிகுந்த வருத்தத்தோடு அவரே தனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டார். ஸ்கேல் சார் வாடகை வீட்டில் பாயில் படுக்கிறவர். மற்றவர்கள் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டார்கள். மிச்சம் நான்.

அவர்கள் வந்தபோது என் மனைவி மேசையில் வெள்ளைத் துணியை விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஸ்கேல் சார் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். எழுந்தபோது அவர் முகத்தில் புதையலைக் கண்டெடுத்தவனின் சந்தோஷம்.

"என்ன கடைசல்! என்ன வேலைப்பாடு! இவ்வளவு நாளா இதச் சொல்லாம இருந்திருக்கியேப்பா!"

"அதுல வேலை நடக்குது சார்" என்றேன்.

"அதான் சொல்றேன். புழங்கறதால தேய்மானம். உடனே காப்பாத்தணும்."

என் மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "ஒரு கால எடுத்தா மேசை எப்படி நிக்கும்?"

"ஒரு கால்தானேம்மா. மூணு இருக்கே. முக்காலி நிக்கறதில்லையா?"

"உங்களுக்கு ரெண்டு இருக்கு. ஒண்ணக் கழட்டி வச்சுட்டுப் பேசுங்க சார்."

ஸ்கேல் சார் என்னைப் பார்த்தார். பெண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் வேலைக்கு லாயக்கில்லை என்பது அந்தப் பார்வை. மச்சான் கருவிப் பையோடு வாசலிலேயே நின்றிருந்தார். தங்கச்சி திரும்பி அவரைப் பார்த்தாள்.

"நீயா அண்ணே?"

"நான் வரலன்னா வேற எவனாவது வந்து ரம்பத்தப் போட்டு அறுத்துடுவான்மா. நான் ஆப்புக் கட்டையத் தட்டி எடுத்துட்டு முழுசாக் கழட்டித் தரேன். எப்ப திரும்பி வந்தாலும் மாட்டிக்கலாம்."

அவள் துணியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டாள். "எடுத்துட்டுப் போ. உனக்கும் வேலை வேணும், இவருக்கும் வேலை வேணும். என் வேலைதானே, போனாப் போகுது" என்றாள்.

மச்சான் மேசைக்கு அடியில் புகுந்தார். சுத்தியல் சத்தம் கேட்டது. கழற்றிய காலை ஸ்கேல் சார் குழந்தையைப் போல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் அந்த மூலைக்குச் செங்கல் அடுக்கிக் கொடுத்தேன். அரை நாள் தாங்கியது. அவள் அழுத்தி வெட்டியபோது செங்கல் நகர்ந்தது. பலகை சாய்ந்தது. மேல் மடிப்பு சரியாக வந்தது, கீழே எல்லாம் கோணல்.

பிறகு தரையில் விரித்து வெட்டிப் பார்த்தாள். முட்டி போட்டால் முட்டியோடு துணி வருகிறது. எட்டி வெட்டினால் மடிப்பு வழுக்குகிறது. தைத்துக் கொண்டுபோன மேலங்கிகளில் பாதியை ஆஸ்பத்திரியில் திருப்பிவிட்டார்கள். ஒரு நர்சுக்கு இடது கை ஏறவே இல்லையாம். இன்னொரு முறை துணி தருகிறோம், அதிலும் இப்படி இருந்தால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் புதுத் துணிக்கட்டு பிரிக்காமல் மூலையில் இருந்தது. அதைத் தொடவே அவளுக்குப் பயம்.

நேராக இயக்குநரைப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். அலுவலகத்தில் ஊழியனாக ஒரு ஓரம் நிற்பதா, புருஷனாகப் பக்கத்தில் நிற்பதா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே நின்றேன்.

"என் மேசைக் கால் வேணும் சார். வரைஞ்சாச்சு, பார்த்தாச்சு. குடுத்துடுங்க."

இயக்குநர் அவருடைய இரும்பு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் அது இப்போது உங்கள் கால் அல்ல. நாட்டின் கால். நாடே உங்கள் காலில் நிற்கிறது என்று பெருமைப்படுங்கள்."

"நாடு நிக்கட்டும் சார். என் மேசை விழுதே."

"விழட்டும். மேசை இன்றிருக்கும், நாளை அடுப்புக்குப் போகும். கால் நிரந்தரம். நீங்கள் தையல் வேலை செய்கிறீர்களாமே?" அவர் ஸ்கேல் சாரைப் பார்த்தார். "மேலிடத்துக்கு அனுப்பும் முன் நாம் நடத்தும் கண்காட்சியில் கால்களை வைக்கச் சின்னச் சின்ன மெத்தை வேண்டும் அல்லவா? அந்த வேலையை இந்த அம்மாவுக்கே கொடுங்கள். நம் துறை யாருடைய பிழைப்பையும் கெடுத்தது என்று பெயர் வரக் கூடாது."

அவள் ஒத்துக்கொள்வாள் என்று நான் நினைக்கவில்லை. ஒத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "நான் வேணாம்னு சொல்லியிருந்தா நீங்களும் அண்ணனும் நாளைக்கு அங்க உட்கார முடியுமா?" என்றாள். "துப்பினா நம்ம தட்டுலதான் விழும். அதான் முழுங்கிட்டேன்."

மேசையை அவர்கள் படுக்க வைத்துவிட்டதால், மேசைக் காலுக்கு மெத்தையை அவள் தரையில் உட்கார்ந்து தைத்தாள். வெல்வெட்டு, உள்ளே பஞ்சு, ஓரத்தில் சரிகை நூல். எங்கள் வீட்டில் தலையணைக்குப் பஞ்சு மாற்றிப் பல வருஷம் ஆகிறது.

'கால் அளவு' என்ற பெயரில் கண்காட்சி நகர மண்டபத்தில் நடந்தது. உட்கார வாடகை இரும்பு நாற்காலி. மேடையில் அதற்குள் ஊரெல்லாம் கழற்றிக் கொண்டுவந்த கால்கள், ஒவ்வொன்றும் மெத்தைமேல் படுத்திருந்தன. சிறப்பு விருந்தினர் பெரியவர். அவர் என்ன பதவியில் இருக்கிறார் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஊரில் எந்த விழா என்றாலும் அவர்தான் பெரியவர். நாங்கள் முதல் வரிசைக்குப் பின்னால் நின்றோம். மெத்தை தைத்தவள் என்பதால் என் மனைவியை உள்ளே விட்டார்கள்.

பெரியவர் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு இயக்குநரிடம் சாதாரணமாகக் கேட்டார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"கால் அளவுன்னு பேர் வச்சிருக்கீங்களே, அது நாலுல ஒரு பங்குதானே?"

டிராயிங் மாஸ்டர் பென்சில் சீவுவதை நிறுத்தினார். ஸ்கேல் சாரின் கை சட்டைப் பைக்குப் போனது. இயக்குநர் ஒரு வினாடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

"ஆமாம் ஐயா! ஒரு மேசைக்கு நாலு கால். நாங்கள் எடுத்தது ஒரு கால். நாலில் ஒரு பங்கு. கணக்கு இம்மியும் பிசகவில்லை. நாங்கள் பேராசைக்காரர்களாக இருந்திருந்தால் நாலையும் எடுத்திருப்போம். முக்கால் பங்கை மக்களிடமே விட்டுவைத்திருக்கிறோம் ஐயா. எந்தத் துறை இப்படி விட்டுவைக்கும், சொல்லுங்கள்?"

கைதட்டல் மண்டபத்தை அதிரவைத்தது. இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து தட்டினால் சத்தம் நன்றாகவே வருகிறது. என் பக்கத்தில் மச்சான் வாய்க்குள்ளேயே ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். அதை எழுத முடியாது.

அடுத்து நினைவுப் பரிசு. கண்காட்சியிலேயே சிறந்த காலைப் பெரியவருக்கு வழங்குகிறோம் என்று அறிவித்தார்கள். இயக்குநர் மெத்தையோடு எடுத்து நீட்டியது எங்கள் மேசைக் கால்.

பக்கத்தில் திரும்பினேன். என் மனைவி இல்லை. படியேறி மேடைக்கே போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை. நேராக நடந்து வருகிறவளை நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்கள். பெரியவர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

பெரியவர் வருஷக்கணக்காக மேடை மேடையாக ஏறியவர். கையில் ஒரு பொருளும் எதிரே நீட்டிய கையும் இருந்தால் மேற்கொண்டு அவருக்கு யோசனை தேவையில்லை. புகைப்படக்காரர் பக்கம் முகத்தைத் திருப்பி, பல் தெரியச் சிரித்து, காலை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

விளக்கு மின்னியது. அறிவிப்பாளர் சுதாரித்துக்கொண்டார். "ஏழைத் தையல் பெண்மணி ஒருவருக்கு நம் பெரியவர் அவர்கள் தம் பொற்கரங்களால் மேசைக் கால் வழங்கி மகிழ்கிறார்!" மறுபடியும் கைதட்டல். இயக்குநரும் தட்டினார். தட்டாமல் என்ன செய்வார்? அவள் கும்பிட்டாள். புகைப்படக்காரர் படம் சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு தடவை வாங்கிக் கும்பிட்டாள்.

வெளியே வந்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள். "என் கால எனக்கே தானம் பண்றான். நான் பல்லக் காட்டிக்கிட்டு நிக்கறேன். தூ!" என்று தெருவோரம் துப்பினாள். ஆனால் காலை மட்டும் இறுக்கிப் பிடித்திருந்தாள். மச்சான் எங்களோடு வீட்டுக்கு வந்து, மேசையை நிமிர்த்தி, அதே பொருத்தில் மாட்டி ஆப்பு வைத்தார். அவள் பலகையில் இரண்டு கையையும் ஊன்றி முழு பாரத்தையும் போட்டுப் பார்த்தாள். அசையவில்லை. அங்கேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

மறுநாள் அவள் ஆஸ்பத்திரித் துணிக்கட்டைப் பிரித்து எட்டு மடிப்பாக விரித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஸ்கேல் சார். கையில் சிவப்புப் பெயிண்ட் டப்பா. மறுபடி காலைக் கேட்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"பயப்படாத. கால் உங்களுக்கேதான். பேப்பர்ல படம் பெருசா வந்திருக்கு. ஆபீஸ் வாசல்ல கால் வேணும்னு ஒரே கூட்டம். கால் வழங்கும் திட்டம்னு இன்னிக்கே ஆரம்பிச்சாச்சு" என்றார். "ஏழைன்னு சான்றிதழ் கொண்டுவந்தா அவங்கவங்க கால அவங்கவங்களுக்கே குடுத்துடறோம். எரிச்சவங்களுக்கும் உண்டு. கால் மட்டும்."

"அப்புறம் பெயிண்ட் எதுக்கு சார்?"

"குடுத்த பொருள்ல குடுத்தவர் பேர் இருக்க வேணாமா? 'உபயம்: பெரியவர்'னு எல்லாக் கால்லயும் எழுதணும். உன் வீட்டுலேர்ந்தே ஆரம்பி. அப்பதான் மக்களுக்கு நம்பிக்கை வரும்."

அவர் போன பிறகு டப்பாவைத் திறந்து வைத்தேன். எழுதாவிட்டால் நாளைக்குக் காலைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அவளும் அதைத்தான் சொன்னாள். "எழுதித் தொலைங்க. கால் நின்னாப் போதும்."

மேசைக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். உ எழுதினேன், ப எழுதினேன். மேலே அவளுடைய கத்தரிக்கோல் எட்டு மடிப்பையும் ஒன்றாக அறுத்துக்கொண்டு ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தது. கால் ஒல்லி, பெயர் நீளம். கடைசி எழுத்தைப் பின்பக்கமாக வளைத்து எழுத வேண்டியிருந்தது. முடித்துவிட்டுப் பார்த்தால், மேசை முழுவதையும் அவர்தான் வாங்கிக் கொடுத்த மாதிரி இருந்தது.

"ஏம்மா, மிச்ச மூணு கால்லயும் உன் பேர எழுதட்டுமா?" என்று கேட்டேன். பெயிண்டும் நிறைய மீதி இருந்தது.

கத்தரிக்கோல் நின்றது.

"ஐயோ, வேணாங்க" என்றாள் பதறிப்போய். "என்னோடதுன்னு தெரிஞ்சா அதையும் வந்து எடுத்துடுவாங்க. மூணுலயும் அவர் பேரையே எழுதிடுங்க."